மூட்டையைத் தூக்கிக்கொண்டு போங்கள்

தொழில் கேள்வி–பதில்: மும்பை வாசகர்களுக்கு

"ஆய்வகமும் மறுசுழற்சிப் பட்டறையும் ஒரே ஊரில் இருக்கின்றன, ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்ததில்லை" என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. நான் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது பேராசிரியர்களையும் பட்டறைக்காரர்களையும் ஒரே மேசையில் உட்கார வைக்கிறேன். கல்யாணத் தரகர் வேலை என்று என் மருமகள் கிண்டல் செய்வாள். இந்த இதழில் அந்தக் கடிதங்கள் மட்டும்.

கேள்வி: அக்கா, வணக்கம். தாராவி பதிமூணு காம்பவுண்டில் அப்பா காலத்திலிருந்து பழைய பிபி (பாலிபுரொப்பிலீன்) பிளாஸ்டிக்கை உருக்கி, மணி மணியாகத் "தானா" போடுகிறோம். வாளி, குளிக்கிற மக்கு அடிக்கிறவர்கள் வாங்குவார்கள். போன வருஷம் ஒரு பெரிய கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு, "லாட்டுக்கு லாட் ஒரே மாதிரி இருந்தால் எடுக்கிறோம்" என்றார். எங்களால் முடியவில்லை. மாட்டுங்காவில் பெரிய கெமிக்கல் காலேஜ் இருக்கிறதே, அங்கே போய்க் கேட்கலாம் என்கிறான் தம்பி. எங்களை உள்ளே விடுவார்களா? (தாராவி வாசகர்)

பதில்: விடுவார்கள். யாரைப் பார்க்க வேண்டும், எதற்காக என்று வாசலில் சொல்லத் தெரிந்தால் போதும். அதைச் சொல்லத் தெரியாமல்தான் பாதிப் பேர் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

நீங்கள் சொல்வது ஐசிடி, இன்ஸ்டிடியூட் ஆஃப் கெமிக்கல் டெக்னாலஜி. பழைய ஆட்கள் இன்னமும் யூடிசிடி என்றுதான் சொல்வார்கள். 1933-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கியது. துணி வேதியியலும் வேதிப் பொறியியலும்தான் முதலில் வைத்த பாடங்கள். அதாவது பிறந்ததே ஆலைக்காரர்களுக்காகத்தான். தொழில்காரன் வந்து நின்றால் முகம் சுளிக்கிற இடமில்லை அது. பாலிமருக்கென்று தனித் துறையும் உண்டு.

ஆனால் போவதற்கு முன் உங்கள் சரக்கை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் பக்கத்தில் ஒரு பெண்மணி தரம் பிரிப்பதை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மூடியை எடுத்து வளைப்பார். நகத்தால் கீறுவார். சந்தேகமென்றால் தரையில் தட்டிச் சத்தம் கேட்பார். அதிலும் பிடிபடாவிட்டால் ஓரத்தை லைட்டரில் பற்றவைத்து, ஊதி அணைத்து, முகர்ந்து பார்ப்பார். மெழுகு வாடை வந்தால் ஒரு குவியல். மூக்கும் கண்ணும் எரிந்தால் பிவிசி, அதைத் தூர எறிவார். (அந்தப் புகை உடம்புக்கு ஆகாது. இதை அவரிடம் நான் சொன்னபோது சிரித்தார்.) மிதப்பதையும் மூழ்குவதையும் வைத்துப் பிரிக்கிற தண்ணீர்த் தொட்டி செய்ய முடியாத வேலை இது. பிபியும் மிதக்கும், பாலிஎதிலீனும் மிதக்கும்; தொட்டிக்கு இரண்டும் ஒன்றுதான். கை பிரித்துவிடுகிறது.

அந்தக் கைக்கும் பிடிபடாத ஒன்று இருக்கிறது. பிபி எல்லாம் ஒரே பிபி அல்ல. சிமெண்ட் சாக்கு நெய்கிற பிபி உருகினால் கெட்டியாக, மெதுவாக ஓடும். வாளி அடிக்கிற பிபி அதைவிட இளக்கம். ஸ்விக்கியில் குழம்பு வருகிற மெல்லிய டப்பா இன்னும் வேகமாக ஓடும். இதை அளக்கும் சோதனைக்கு எம்.எஃப்.ஐ. என்று பெயர்: 230 டிகிரியில் உருக்கி, 2.16 கிலோ எடையை மேலே வைத்து, 10 நிமிடத்தில் எத்தனை கிராம் வெளியே ஓடுகிறது என்று பார்ப்பார்கள். சாக்கு 3 கிராம் போல ஓடினால், வாளி 10-ஐத் தாண்டும். திங்கட்கிழமை சாக்கு நிறைய வந்தது, வியாழக்கிழமை டப்பா நிறைய வந்தது என்றால் உங்கள் இரண்டு லாட்டும் எப்படி ஒன்றாக இருக்கும்? போதாததற்கு, ஒவ்வொரு முறை உருக்கும்போதும் பிபியின் சங்கிலி கொஞ்சம் அறுபடும். அறுந்தால் இன்னும் இளகி ஓடும். பிளாஸ்டிக் நாற்காலியில் கலந்திருக்கிற சுண்ணாம்புப் பொடி வேறு.

ஆகவே உங்கள் பிரச்சினையில் பாதி வேதியியலே இல்லை, கலவை. நாலைந்து நாள் சரக்கைத் தனித்தனியே விற்காமல், பெரிய பிளெண்டரில் ஒன்றாகக் கலந்து ஒரே லாட்டாக்கினால் ஏற்ற இறக்கம் தானாகவே குறையும். எம்.எஃப்.ஐ. மெஷின் ஒன்று சொந்தமாகவே வாங்கிப் போடலாம். கார் விலையெல்லாம் ஆகாது. இதற்குப் பேராசிரியர் தேவையில்லை.

அதற்கு மேல் இருக்கிற பாதிக்குத்தான் மாட்டுங்கா. ஒரு மாதம், ஒவ்வொரு லாட்டிலும் இரண்டு கிலோ எடுத்துத் தனிப் பையில் கட்டுங்கள். தேதி, எங்கே வாங்கிய சரக்கு, என்னென்ன கலந்தது, எந்தச் சூட்டில் ஓட்டியது, வாங்கியவர் என்ன குறை சொன்னார் என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் சரிதான், இந்தியில் எழுதினாலும் சரிதான். மூட்டையையும் நோட்டையும் தூக்கிக்கொண்டு போங்கள். ஆய்வகத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் புது பிபியை வாங்கி, அதில் தாங்களே அளந்து அழுக்கைக் கலந்து, "கழிவு பிளாஸ்டிக்" என்று பெயர் வைத்து ஆராய்ச்சி செய்கிறார்கள். உங்கள் மூட்டை அவர்களுக்குக் கிடைக்காத பொருள். நீங்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

உள்ளே போனதும் "எங்க தானாவை நல்லா ஆக்கிக் கொடுங்க சார்" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். "இதில் பாலிஎதிலீன் எவ்வளவு இருக்கிறது? எவ்வளவு வரைக்கும் இருந்தால் வாளிக் காது உடையாது? அதற்கு மேல் போனால் மலிவாக எதைச் சேர்த்துச் சமாளிக்கலாம்?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு அவர்களிடம் டிஎஸ்சி என்கிற கருவி இருக்கிறது. மெதுவாகச் சூடாக்கினால் பாலிஎதிலீன் 135 டிகிரிக்குள் உருகும், பிபி 160-ஐத் தாண்டி உருகும். இரண்டு மேடும் வரைபடத்தில் தனித்தனியே தெரியும். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரு எம்.டெக். மாணவனுக்கு ஒரு வருஷ வேலை, அருமையான வேலை.

காசு விஷயம். சோதனைக் கட்டணம் கட்டி ரிப்போர்ட் வாங்குவது ஒரு வழி. பேராசிரியரின் நேரத்துக்குப் பணம் கட்டி ஆலோசனை கேட்பது இன்னொரு வழி. அதில் நிறுவனத்துக்கு ஒரு பங்கு போகும். மாணவரை வைத்து முழு ஆய்வுத் திட்டமே நடத்துவது மூன்றாவது. நீங்கள் முதல் வழியில் தொடங்குங்கள். ரிப்போர்ட் வந்ததும் அதை வைத்துப் பேச்சு தானாக நீளும். எல்லாவற்றுக்கும் பில் வாங்குங்கள்.

இன்னொன்று. பெரிய கம்பெனிகள் உங்களைத் தேடி வருவதற்குக் காரணம் பூமித்தாய் மேல் வந்த பாசம் மட்டுமல்ல. மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கை இவ்வளவு சதவீதம் சேர்த்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. கணக்கைக் கீழே செம்பூர்க்காரருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கணக்குக்கு அவர்கள் காட்ட வேண்டிய சான்றிதழை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் பதிவு செய்த மறுசுழற்சியாளர்தான் தர முடியும். பதிவு இல்லாவிட்டால் உங்கள் தானா எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவர்கள் கணக்கில் ஏறாது. தம்பியை முதலில் அந்த வேலையில் போடுங்கள்.

கேள்வி: பேராசிரியரிடம் எங்கள் மசாலாவைச் சொன்னால், அவர் அதைப் பெரிய கம்பெனிக்குச் சொல்லிவிட மாட்டாரா? (குர்லா வாசகர்)

பதில்: மசாலா என்று இவர் சொல்வது தானா போடும்போது கலக்கும் கலர், பொடி, ஸ்டெபிலைசர் வகையறா. ஐயா, உங்கள் மசாலாவில் முக்கால்வாசி உங்களுக்குச் சரக்கு விற்கிற கடைக்காரருக்குத் தெரியும். அவர் பக்கத்துப் பட்டறைக்கும் விற்கிறார்.

ஆனால் பயம் நியாயமானது. ரகசியக் காப்பு ஒப்பந்தம் ஒன்று போடச் சொல்லுங்கள். எந்த நல்ல நிறுவனத்திலும் அச்சிட்ட படிவமே இருக்கும். அதில் இரண்டு இடத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். கண்டுபிடிப்பது யாருக்குச் சொந்தம் என்பது ஒன்று. ஆய்வுக் கட்டுரை வெளியே போகும் முன் உங்களுக்குப் படிக்கக் கொடுப்பார்களா, எத்தனை நாள் அவகாசம் என்பது மற்றொன்று. கட்டுரையே போடக்கூடாது என்று மட்டும் பிடிவாதம் பிடிக்காதீர்கள். அந்த மாணவன் பட்டம் வாங்க வேண்டாமா? பொடிகளுக்கு அ, ஆ, இ என்று பெயர் கொடுத்து எழுதிக்கொள்ளலாம், யாரும் ஆட்சேபிப்பதில்லை.

கேள்வி: பவாயில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சொந்த ஊர் காரைக்குடிப் பக்கம். மறுசுழற்சி பிபியில் கரும்புச் சக்கைத் தூளைக் கலந்து ஒரு பொருள் செய்தேன். ஆய்வகத்தில் அற்புதமாக வந்தது. வசாயில் ஒரு மோல்டிங் பட்டறையில் ஓட்டிப் பார்த்தபோது பழுப்பாகி, புள்ளி புள்ளியாகக் கருகி வந்தது. முதலாளி அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லை. என் பொருள் தோல்வியா? (பவாய் வாசகர்)

பதில்: தம்பி, பொருள் தோல்வியில்லை. சூட்டை யாரிடம் கேட்டீர்கள்?

உங்கள் ஆய்வகத்தில் 180 டிகிரியில் ஓட்டியிருப்பீர்கள். பட்டறையில் வாளி நிமிஷத்துக்கு இத்தனை விழ வேண்டும் என்று 220, 230 வரைக்கும் ஏற்றி வைத்திருப்பார்கள். சக்கை என்பது மரம் மாதிரி நார். 200-ஐத் தாண்டினால் கருகத் தொடங்கும். அதோடு உங்கள் மாதிரி மெஷினுக்குள் ஓரிரு நிமிடம்தான் இருந்திருக்கும். பட்டறையில் மோல்டு மாற்றும்போது பேரலுக்குள்ளேயே (மெஷினில் சரக்கை உருக்குகிற குழாய்) சரக்கு நின்று வெந்திருக்கும். சக்கையில் ஈரமும் இருக்கும். ஆலையிலிருந்து வரும்போது அதன் எடையில் பாதி தண்ணீர். நீங்கள் அடுப்பில் காயவைத்து, மூடிய டப்பாவில் வைத்திருந்தீர்கள். வசாயில் ஜூலை மாதம் திறந்த சாக்கில் வைத்திருந்தால் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புள்ளி புள்ளியாக வந்ததில் அதற்கும் பங்கிருக்கும்.

முதலாளி ஏன் போனை எடுப்பதில்லை என்றால், உங்கள் சோதனை முடிந்தபின் பேரலைச் சுத்தம் செய்ய அவருக்கு ஒரு ஷிப்ட் போயிருக்கும். அந்த மெஷின் நேரத்துக்கு யார் காசு கொடுத்தார்கள்? பெரும்பாலும் யாரும் கொடுப்பதில்லை. ஆய்வுத் திட்டம் எழுதும்போது வேதிப்பொருளுக்கு, கருவிக்கு, பயணத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் ஒரு வரி போடுவார்கள். "வெளிப் பட்டறை மெஷின் வாடகை" என்ற வரியை நான் பார்ப்பதே அரிது. கிராமில் வந்தது டன்னில் வருமா என்று தெரிகிற இடம் அந்தப் பட்டறைதான். அங்கே மட்டும் ஓசியில் வேலை நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அடுத்த திட்டத்தில் அந்த வரியை உங்கள் வழிகாட்டி வாயாலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு: சூடு குறைவாக ஓடுகிற, தடிமனான பொருள் எது என்று பாருங்கள். மெல்லிய மக்குக்கு உங்கள் பொருள் ஆகாது. செடித் தொட்டி, பேலட் முட்டுக்கட்டை, இப்படி. பழுப்பு நிறம் அங்கே குறையே இல்லை. வசாய்க்காரருக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு வாட்ஸாப் போடுங்கள். கூடவே அந்த ஷிப்டுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு, முடிந்ததைக் கொடுங்கள். போன் எடுப்பார்.

கேள்வி: கட்டுரை முதலிலா, காப்புரிமை முதலிலா? வழிகாட்டி கட்டுரை என்கிறார். (மாட்டுங்கா மாணவி)

பதில்: காப்புரிமை விண்ணப்பம் முதலில், சந்தேகமே வேண்டாம். கட்டுரை வெளியாகிவிட்டால் அது புதியது அல்ல என்றாகிவிடும். நம் சட்டத்தில் அதற்கு விதிவிலக்கு மிகக் குறுகலானது. அதை நம்பி இறங்காதீர்கள். மாநாட்டில் ஒட்டுகிற போஸ்டரும் வெளியீடுதான், நூலகத்தில் வைக்கிற ஆய்வேடும் வெளியீடுதான். பலருக்கு இது தெரிவதில்லை.

இதற்காகக் கட்டுரையை வருஷக்கணக்கில் தள்ளிப்போட வேண்டியதில்லை. தற்காலிக விவரக்குறிப்பு என்று ஒன்றைத் தாக்கல் செய்துவிட்டால் தேதி உங்களுடையதாகிவிடும். முழு விவரக்குறிப்பைக் கொடுக்க 12 மாதம் அவகாசம். தாக்கல் செய்த மறுநாளே கட்டுரையை அனுப்பலாம். ஆனால் கட்டுரையில் போகிற முக்கிய விஷயமெல்லாம் அந்தத் தற்காலிகத்திலும் இருக்க வேண்டும், ஞாபகம். 2021-லிருந்து கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தில் 80 சதவீதம் தள்ளுபடி. ஆகவே "செலவாகும்" என்ற சாக்கும் செல்லாது.

கேள்வி: கடையில் "மக்கும் பை" என்று கொடுத்தார்கள். பால்கனித் தொட்டி மண்ணில் புதைத்தேன். மாதக்கணக்காகியும் பை பையாகவே இருக்கிறது. ஏமாற்றா? (முலுண்ட் இல்லத்தரசி)

பதில்: ஏமாற்றாகவும் இருக்கலாம். ஆனால் உண்மையான மக்கும் பையும் உங்கள் தொட்டியில் அப்படித்தான் கிடக்கும். ஐஎஸ் 17088 தரத்தின்படி அதைச் சோதிப்பது சுமார் 58 டிகிரி சூட்டில், ஈரமும் காற்றும் சரியாக இருக்கிற தொழில்முறை உரக் குவியலில். அங்கே 180 நாளுக்குள் 90 சதவீதம் கரியமில வாயுவாகப் போக வேண்டும். உங்கள் பால்கனி அவ்வளவு சுட்டால் துளசியே பிழைக்காது.

அந்தப் பைகளை மட்டும் தனியே வாங்கி அந்தச் சூட்டில் வேகவைக்க ஒரு குவியல் உங்கள் வார்டில் இருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அப்படி ஒன்று இல்லாத ஊரில் மக்கும் பை என்பது பையின் மேல் எழுதிய எழுத்து, அவ்வளவுதான். துணிப்பை எடுத்துக்கொண்டு போங்கள் அம்மா.

கேள்வி: நான் ஒரு நுகர்பொருள் கம்பெனியில் பேக்கேஜிங் பிரிவில் இருக்கிறேன். இரண்டு கல்லூரிகளோடு திட்டம் போட்டோம். இரண்டிலும் சொன்ன தேதிக்கு எதுவும் வரவில்லை. கடைசியில் வந்தது தொண்ணூறு பக்க ரிப்போர்ட். பேராசிரியர்களுக்குத் தொழில் புரிவதில்லை என்று நாங்கள் முடிவு கட்டியது தவறா? (செம்பூர் வாசகர்)

பதில்: பாதி தவறு. நீங்கள் கடிதத்தோடு இணைத்திருந்த திட்டக் குறிப்பைப் படித்தேன். "ஷாம்பு பாட்டிலுக்கு மறுசுழற்சி எச்டிபிஇ உருவாக்குதல், ஆறு மாதம்" என்று இருக்கிறது. (எச்டிபிஇ என்பது பாட்டில் அடிக்கிற கெட்டியான பாலிஎதிலீன்.) உங்கள் உண்மையான தொல்லை அதில் எங்கேயும் இல்லை. நான் சொல்லட்டுமா? வாடை.

பழைய ஷாம்பு, சோப்பு பாட்டில்களை அரைத்துக் கழுவித் தானாவாக்கிய மூட்டையைப் பிரித்து முகத்தை உள்ளே விட்டவர்களுக்குத் தெரியும். முதலில் பூ வாசனை அடிக்கும், அப்புறம் எலுமிச்சை, அதற்குக் கீழே புளித்துப் போன ஏதோ ஒன்று. அந்த பிளாஸ்டிக் வாசனை எண்ணெய்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். லிமோனீன் என்கிற எலுமிச்சைச் சத்து நன்றாகக் கழுவிய பிறகும் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். உங்கள் மல்லிகை ஷாம்பை அதில் ஊற்றினால் இன்னொரு கம்பெனியின் வாசனையும் சேர்ந்து வரும். உங்கள் மார்க்கெட்டிங் ஆட்கள் மறுத்தது அதனால்தான். அதைப் பேராசிரியரிடம் யாராவது சொன்னீர்களா? கம்பெனி ரகசியம் என்று பொத்தி வைத்துவிட்டு, இழுவிசை பரிசோதனை செய்யச் சொன்னீர்கள். அவரும் பாவம், தொண்ணூறு பக்கத்துக்கு இழுத்துப் பார்த்திருக்கிறார். வாடை என்று சொல்லியிருந்தால், உருக்கும்போது வெற்றிடத்தில் ஆவியை இழுப்பது, தானாவின் மேல் மணிக்கணக்கில் சூடான காற்றை ஓட்டுவது, எந்தக் கட்டத்தில் எந்த வாடை போகிறது என்று அளப்பது என்று வேலை நேர்க்கோட்டில் போயிருக்கும்.

தேதி விஷயத்தில் உங்கள் கோபம் சரி. பேராசிரியருக்கு வகுப்பு உண்டு, தேர்வுத்தாள் உண்டு. வேலையை உண்மையில் செய்கிற மாணவன் டிசம்பரில் ஊருக்குப் போவான். இதைத் தெரிந்துகொண்டு திட்டம் போடுங்கள். ஆறு மாத வேலையைக் கல்லூரிக்குக் கொடுக்காதீர்கள், அதைத் தனியார் சோதனைக்கூடத்துக்குக் கொடுங்கள். மூன்று வருஷம் கழித்து உங்களுக்கு வரப்போகிற தலைவலியைக் கல்லூரிக்குக் கொடுங்கள்.

அது என்ன தலைவலி என்று உங்களுக்கே தெரியும். 2022-ல் வந்த உற்பத்தியாளர் பொறுப்பு வழிகாட்டுதல்படி, பாட்டில் மாதிரி கெட்டியான பேக்கேஜிங்கில் 2025-26-ல் 30 சதவீதம் மறுசுழற்சிச் சரக்கு. ஆண்டுக்குப் பத்து பத்தாக ஏறி 2028-29-ல் 60. மெல்லிய உறைகளுக்கு 10-ல் தொடங்கி 20. பல அடுக்குப் பாக்கெட்டுகளுக்கு 5-ல் தொடங்கி 10. முப்பதைப் புதுச் சரக்கோடு கலந்து ஒப்பேற்றிவிடலாம். அறுபதில் வாடையை ஒளித்து வைக்க இடமில்லை. அந்த அறுபதுக்கு இப்போதே ஒரு ஆய்வு மாணவரை உட்கார வையுங்கள். மாணவரின் உதவித்தொகையில் பாதி அரசு, பாதி கம்பெனி என்று பிரதமர் பெயரிலேயே ஒரு முனைவர் பட்டத் திட்டம் கொண்டு வந்தார்கள். அந்த மாதிரி ஏற்பாட்டில் மாணவர் வருஷத்தில் சில மாதம் உங்கள் ஆலையிலேயே இருப்பார். உங்கள் ஆள் ஒருவர் மாதம் ஒரு நாள் ஆய்வகத்தில் போய் உட்காரட்டும். ஈமெயில் போதாது.

கேள்வி: பிளாஸ்டிக் தார்ச்சாலை நம் மதுரைக்காரர் கண்டுபிடிப்பு. அதுவே தொழில்–கல்லூரி இணைப்புக்கு நல்ல உதாரணம் இல்லையா? நீங்கள் அதைச் சொல்லவே இல்லையே? (டோம்பிவிலி வாசகர்)

பதில்: நல்ல உதாரணம்தான். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ஆர். வாசுதேவன். துருவிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின் மேல் தூவினால் அது உருகி ஜல்லியைப் பூசிக்கொள்ளும்; அதன் மேல் தாரைக் கலந்தால் பிடிப்பு கூடும், தண்ணீர் இறங்காது. அவ்வளவு எளிமை. 2002-ல் கல்லூரி வளாகத்துக்குள் சாலை போட்டுக் காட்டினார். 2006-ல் காப்புரிமை. 2018-ல் பத்மஸ்ரீ.

ஆனால் நடுவில் இருக்கிற ஒரு வருஷத்தை யாரும் சொல்வதில்லை: 2013. அந்த ஆண்டுதான் இந்திய சாலைகள் பேரவை இந்த முறைக்கு ஒரு வழிகாட்டி நெறியை வெளியிட்டது. நெறி எண் இல்லாமல் எந்த இன்ஜினீயர் டெண்டரில் எழுதுவார்? நாளைக்குச் சாலை பெயர்ந்தால் அவர் தலைதானே உருளும்? 2015-ல் பெரிய நகரங்களைச் சுற்றியுள்ள சாலைகளுக்கு மத்திய அரசு இதை வலியுறுத்தியது அதன் பிறகுதான்.

எல்சி3 சிமெண்டிலும் இதே கதைதான். ஐஐடி டில்லியும் ஐஐடி சென்னையும் சுவிட்சர்லாந்தின் லொசானில் இருக்கிற இபிஎஃப்எல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்தது. கிளிங்கர் (சிமெண்டுக்காகச் சூளையில் சுட்டு எடுக்கிற கட்டி) பாதி, சுட்ட களிமண் 30 சதவீதம், சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5. கிளிங்கருக்கு 1450 டிகிரி வேண்டும்; களிமண்ணுக்கு 800 போதும். சுரங்கத்தில் தரம் குறைவு என்று ஒதுக்கிய களிமண்ணே போதும் என்பது எனக்குப் பிடித்த அம்சம். சிமெண்ட் ஆலைகளின் சூளையிலேயே ஓட்டிப் பார்த்தார்கள், கட்டடமும் கட்டிப் பார்த்தார்கள். அப்படியும் இந்தியத் தர நிர்ணயம், ஐஎஸ் 18189, வந்தது 2023-ல். இந்த வேலையில் பேராசிரியர், முதலாளி இருவரோடு தரக்குழுவில் உட்கார்ந்திருக்கிற மூன்றாவது ஆளும் வேண்டும். அவரை முதல் வருஷமே கூப்பிட்டுக் காட்டுகிற திட்டங்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

தார்ச்சாலையை நான் விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சாலைக்குள் போன பிளாஸ்டிக் திரும்பி வாளியாக வராது. வேறெதற்கும் ஆகாத மெல்லிய உறைகளுக்கு அது நல்ல முடிவு. சுழற்சி என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மதுரைக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கேள்வி: "சுழற்சிப் பொருளாதாரம்" என்று விண்ணப்பத்தில் எழுதினால் மானியம் கிடைக்குமா? (அந்தேரி வாசகர்)

பதில்: எல்லோரும் எழுதுகிறார்கள்.

கேள்வி: எம்.டெக். திட்டத்துக்காக முதல் தடவையாக தலோஜாவில் ஒரு மறுசுழற்சி ஆலைக்குப் போகிறேன். எனக்கு மராத்தி தெரியாது, இந்தி சுமார். என்ன கேட்பது, யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. (நெருல் மாணவி)

பதில்: மூடிய ஷூ போட்டுக்கொள். துப்பட்டா வேண்டாம், மெஷின் இருக்கிற இடம். மானேஜர் உட்கார வைத்து ஸ்லைடு காட்டுவார், மரியாதைக்குப் பார்த்துவிட்டு, "மெஷின் ஓட்டுகிறவரைப் பார்க்கலாமா?" என்று கேள். சுமார் இந்தி போதும், அவரும் பெரும்பாலும் வேறு ஊரிலிருந்து வந்தவராகத்தான் இருப்பார்.

அவரிடம் கேட்க வேண்டியது: எந்த மாதிரி சரக்கு வந்தால் வலையை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது? உருகிய பிளாஸ்டிக்கிலிருந்து மண், காகிதம், அலுமினியத் துணுக்கு போன்றவற்றை வடிக்கும் கம்பி வலை அது. அடைத்துக்கொண்டால் மெஷினை நிறுத்தி மாற்றுவார்கள். கழற்றிப் போட்ட பழைய வலை மூலையில் குவிந்திருக்கும். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார், அன்றைக்கு வந்த சரக்கில் என்னென்ன இருந்தது என்று அதிலேயே ஒட்டியிருக்கும். கேட்டு வாங்கி, ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி உன் ஆய்வகத்துக்குக் கொண்டு போ. உன் வழிகாட்டி அதைப் பார்த்திருக்கவே மாட்டார் என்று நினைக்கிறேன்.

மூன்று மணிக்குப் போகாதே, ஷிப்ட் மாறும் நேரம். காலையில் பதினொன்றுக்குள் போய்விடு.